ஏழாவது சிவப்புப் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு துடைப்பக் கட்டை என் காதை உரசிக்கொண்டு போனது. இரண்டு விரற்கடை தள்ளி நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

எறிந்தது ஆள் இல்லை, இயந்திரம். ஆஸ்பத்திரி, ஓட்டல் துணிகளைத் துவைக்கும் கூடங்களுக்காக எங்கள் கம்பெனி செய்யும் பிழி இயந்திரம். ஈரத் துணியை டிரம்மில் போட்டு மூடியைச் சாத்தினால் டிரம் பேய்ச் சுற்று சுற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். டிரம் நிற்கும்வரை மூடியின் பூட்டு விடக் கூடாது. அதுதான் ஏற்பாடு.

சோதனைப் பிரிவிலிருந்து நொடி அண்ணன் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். இந்த இயந்திரத்துக்குக் கையேடு எழுதுவது நான் என்பதால் என்னிடம்தான் முதலில் காட்ட வேண்டுமாம்.

ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மெயின் சுவிட்சை அணைத்தார். மூன்று நொடி கழித்துப் போட்டார். டக்கென்று பூட்டு விட்டது. மூடியைத் தூக்கினார்.

"நிக்குதா, சுத்துதா? பாத்துச் சொல்லுங்கம்மா."

"நிக்குது."

துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டையை உள்ளே விட்டார். படீரென்று ஒரு சத்தம். பாதிக் கட்டை அவர் கையில் இருந்தது. மீதி என் காதோரம் பறந்து சுவரில் குத்தியது. வழவழப்பான இரும்பு என்பதால் அந்த வேகத்தில் சுற்றுவது கண்ணுக்கே தெரியவில்லை.

"கரண்ட் போயிட்டு வந்தா பூட்டுக்கு மறதி வந்துடுது. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுத் திறந்து விட்டுடுது. டிரம் நிக்க இன்னும் நாப்பது நொடி ஆகும். இதுவே கையா இருந்தா?" என்றார்.

சுவரில் குத்திய கட்டையைப் பிடுங்கியபோது என் உள்ளங்கையில் ஒரு சிலாம்பு ஏறிவிட்டது. வீட்டில் இவர் ஊசியால் எடுத்துவிட்டார். இவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், சிலாம்பு எடுப்பதில் கெட்டி.

மார்ச் 6, வியாழன்

எழுதிவிட்டேன்.

'மின்சாரம் போய்த் திரும்பினால் மூடி திறந்துகொள்ளும். உள்ளே டிரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நாற்பது வரை எண்ணுங்கள். எண்ணாமல் கை விட்டால் கை போய்விடும்.'

'காயம் ஏற்பட வாய்ப்புள்ளது' என்று வழவழா கொழகொழாவென எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கை போகும் என்றால் கை போகும் என்றுதான் எழுத வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் கையேட்டில் உயிர்ப் பயம் உள்ள விஷயம் சிவப்புப் பெட்டிக்குள் வரும், மற்றது சாம்பல் பெட்டிக்குள். கையேட்டை எவரும் படிப்பதில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் மேசை டிராயரில் கிடக்கும். அதனால் மூன்று வருஷம் முன் நான்தான் ஒரு வழி கொண்டுவந்தேன். சிவப்புப் பெட்டிகளை மட்டும் தனியே எடுத்து, அட்டையாக அச்சடித்து, இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் கண் மட்டத்தில் மாட்டுவது. ஆறு பெட்டிக்கு மேல் கூடாது. ஏழாகிவிட்டால் ஒருவரும் படிப்பதில்லை. பத்துக் கூடங்களுக்கு நேரில் போய்ச் சோதித்துப் பார்த்து நான் வைத்த விதி.

இது ஏழாவது.

மார்ச் 7, வெள்ளி

மேலாளர் கூப்பிட்டார். எங்களுக்குள் அவர் பெயர் சர்க்கரை. பேச்சு அப்படி இனிக்கும்.

ஏழாவது பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அருமையா எழுதியிருக்கீங்க மேடம். படிச்சதும் எனக்கே கை கூசுது. ஆனா பாருங்க, அறுபது மெஷின் ஆஸ்பத்திரிகளுக்குப் போகுது. இந்த அட்டையப் பாத்தா, முதல்ல பூட்டச் சரி பண்ணிட்டு வாங்கடான்னு திருப்பி அனுப்பிடுவாங்க. புதுப் பூட்டு நவம்பர்ல வந்துடும்."

"அப்ப நவம்பர்ல விக்கலாமே."

"அது நம்ம கையில இல்லையே."

வேறொரு பெட்டியை எடுத்துவிட்டு இதை வைக்கலாம் என்றேன். மற்ற ஆறும் சட்டப்படி இருந்தாக வேண்டியவை என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆறுக்கு மேல போட்டா எவனும் படிக்க மாட்டான்னு இந்தக் கம்பெனிக்கே சொல்லிக் குடுத்தது நீங்க. உங்க விதிய நீங்களே உடைக்கலாமா? ஏழு போட்டா மத்த ஆறும் வீணாப் போயிடும். அதுல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

என் விதியை எனக்கே ஊட்டிவிட்டார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பயந்தேன் என்று எழுதினால் பொய். என் விதியை ஒருவர் இவ்வளவு மதிக்கிறாரே என்று உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்த அட்டை என் பிள்ளை மாதிரி. ஆறு பெட்டி, பெரிய எழுத்து, அளவான இடைவெளி. ஏழு போட்டால் அசிங்கமாகிவிடும் என்று நானும் நினைத்தேன். நினைத்தேன்தான்.

சாம்பல் பெட்டிக்கு மாற்றினேன். பக்கம் 38. 'மின்தடைக்குப் பின் மூடியைத் திறக்கும் முன், டிரம் முழுமையாக நின்றதை உறுதி செய்துகொள்வது நல்லது.'

மார்ச் 10, திங்கள்

அட்டையில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் நொடி அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை என் மேசையில் எறிந்தார்.

"இருக்கற ஆறும் சரி. இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"புத்தகத்துல இருக்குல்ல அண்ணே, முப்பத்தெட்டாம் பக்கம்."

"புத்தகத்த எவன் படிக்கிறான்? நீங்க சொன்னதுதானே இது."

நவம்பரில் பூட்டு மாறிவிடும், எட்டே மாதம் என்று கெஞ்சினேன். போட்டார். முழுப் பெயரும் எழுதினார், அவர் வழக்கம் அது. எழுதியவர் பெயர் போடும் வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

அறுபது இயந்திரமும் போய்விட்டன. எனக்குக் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள், 'தெளிவான எழுத்துக்காக' என்று. இவர் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

பதினோரு மணிக்கு ஒரு துவைக்கும் கூடத்திலிருந்து ஃபோன். பிழி இயந்திரம், கை, உடனே வாங்க. நொடி அண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

கூடத்தில் மற்ற இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் முதலில் என்னை அடித்தது, அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தில் ஒரு டிரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று எந்தக் காதுக்குக் கேட்கும்? இயந்திரம் ஓட்டிய பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துணி மடிக்கும் அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைக்கவில்லை. முகத்தில் இருந்தது அவருடைய ரத்தம் இல்லை.

"கரண்ட் போச்சு, உடனே வந்துச்சு. மூடி தானாத் திறந்துச்சு. முடிஞ்சுருச்சு போலன்னு சொல்லிக்கிட்டே கைய விட்டா. ஒரு போர்வை சுத்தி இழுத்துச்சு. ஆளையே தூக்குச்சும்மா. கால் தரையில இல்ல. அப்புறம் கீழ விழுந்தா. கை மட்டும் கூட வரல."

வலது கை. முழங்கைக்கு மேலே.

டிரம்முக்குள் வெள்ளைப் போர்வைகள் இருந்தன, இப்போது வெள்ளையாக இல்லை. நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இல்லை, பார்க்க வேண்டியவள் நான்தான்.

சுவரில், கண் மட்டத்தில், என் அட்டை. ஆறு பெட்டி. அழகாகத்தான் இருந்தது. ஐந்தாவது பெட்டியிலிருந்து கீழே ரத்தம் வழிந்து நொடி அண்ணன் பெயருக்கு மேலே நின்றிருந்தது.

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

கண்ணை மூடினால் கை கையாக வருகிறது. அவளுக்கு முப்பத்தொரு வயதாம்.

ஜூன் 19, வியாழன்

அவளுடைய தம்பி கம்பெனிக்கு வந்தான். கூடவே ஏழெட்டுப் பேர். வாசல் காவலாளியைத் தள்ளிவிட்டு முற்றம்வரை வந்துவிட்டார்கள். தம்பியின் ஒரு கையில் இரும்புக் குழாய், மறு கையில் சுவரிலிருந்து பிய்த்த அட்டை.

"இதுல பேரு இருக்கறவன் எவன்? எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் எவன்?"

நொடி அண்ணன் அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். ஓடியிருக்கலாம். "நான்தான்" என்றார்.

குழாய் முதலில் தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். அந்தச் சத்தம், ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். கீழே விழுந்த பிறகு எல்லோரும் மிதித்தார்கள். ஸ்டாப்வாட்ச் கயிற்றைப் பிடித்து ஒருவன் அவரைத் தரதரவென இழுத்தான். கயிறு அறுந்தது. ஒரு பல் உருண்டு வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்றது.

நான் எங்கே இருந்தேன்? கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. கைப்பிடியில் கை வைத்திருந்தேன். 'எழுதினவ நான்' என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கதவு பூட்டிக்கூட இல்லை. அவர் ஒருமுறை தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

நான் நின்றேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷி.

ஜூன் 20, வெள்ளி

போலீசார் அவளுடைய தம்பியைப் பிடித்து ஜாமீனில் விட்டுவிட்டார்களாம். நொடி அண்ணனுக்குத் தாடை இரண்டாக உடைந்திருக்கிறது, விலா மூன்று.

சாப்பிடும்போது இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சர்க்கரை சொன்னது, நான் மாற்றியது, கதவுக்குள் நின்றது. கடைசியில், "நான் பொய் ஒண்ணும் எழுதலையே. முப்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கே" என்றேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நானும் லிஃப்ட்டுல போர்டு மாட்டறவன்தான். பழுதுன்னு எழுதி மெஷின் ரூமுக்குள்ள மாட்டிட்டு வந்தா அதுக்குப் பேரு என்ன? நீ பொய் சொல்லல. ஒளிச்சு வச்சுட்ட."

தட்டை விசிறினேன். சுவரில் பட்டு அவர் மேலெல்லாம் சோறு. அடங்கவில்லை. கேடயத்தை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தேன், அது உடையவில்லை, இன்னொரு முறை அடித்தேன். உடைந்தது. காலை அறுத்துவிட்டது. இவர் தலையிலிருந்து சோற்றைத் தட்டிவிட்டு, எழுந்துபோய்த் துடைப்பம் எடுத்து வந்தார். அந்தத் துடைப்பத்தின் கட்டையைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 23, திங்கள்

சர்க்கரையின் அறை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"விசாரணைக்கு ஒரு அறிக்கை குடுக்கணும் மேடம். ஒண்ணும் பெருசா வேணாம். எச்சரிக்கை கையேட்டுல இருக்கு, இயக்குனவங்க படிக்கல, சரிபார்த்தவர் அட்டைல சேக்கத் தவறிட்டார். மூணே வரி. உங்க நடையில இருந்தா நம்பற மாதிரி இருக்கும்."

என் பழைய வரைவு, அந்த ஏழாவது பெட்டி, அது எங்கே என்று கேட்டேன். கம்ப்யூட்டரெல்லாம் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னார். சோதனைப் பிரிவுக் கோப்பும்கூட. "பழசக் கிளற வேணாமே. உங்க நடையில, மூணு வரி."

உங்க நடையில.

மேசைமேல் இருந்த ஸ்டேப்ளர் பெரியது, தடிமனான கையேடுகளுக்கானது. அதை எடுத்தது நினைவில் இல்லை. அவர் புருவம் பிளந்து மூக்குக்கண்ணாடிக்குள் ரத்தம் நிரம்பியது நினைவிருக்கிறது. இரண்டாவது தடவை ஓங்கினேன், அதற்குள் பியூன் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நன்றாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஜூன் 24, செவ்வாய்

வேலை போயிற்று. உண்மைக்காக இல்லை, ஸ்டேப்ளருக்காக. என் மேல் ஒரு வழக்கும்.

இவர்: "உண்மையச் சொல்லிட்டு அப்புறமா அடிச்சிருக்கலாம்ல. இப்ப நீ என்ன சொன்னாலும் கோவத்துல சொல்றான்னுதானே சொல்வாங்க."

ஜூலை 1, செவ்வாய்

நொடி அண்ணனைப் பார்க்க இன்றுதான் தைரியம் வந்தது. பல்லைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். உறிஞ்சுகுழாயில் கஞ்சி. அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். போகிற போக்கில், "கை நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு" என்றார். சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலைமாட்டிலிருந்த தாளை எடுத்து எழுதினார்:

'டைரி எழுதுவீங்களே. மார்ச் 4 எழுதினீங்களா?'

ஆமாம் என்றேன்.

'நாப்பது நொடின்னு இருக்கா?'

இருக்கிறது என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

விசாரணை அதிகாரியைப் பார்த்தேன். என் அம்மா வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க உங்க மேனேஜர் மண்டைய உடைச்சிருக்கீங்க. உங்க வாய்ப் பேச்சு நிக்காது" என்றார். "ஆனா விபத்துக்கு முன்னாடி தேதி போட்டு எழுதின நோட்டுன்னா விஷயம் வேற. முழு நோட்டும் வேணும். ஒரு தாள் கிழிஞ்சிருந்தாலும் அவங்க வக்கீல் அதப் பிடிச்சுக்குவார்."

முழு நோட்டு. மார்ச் 7 உட்பட. குளுகுளுவென்று இருந்தது என்று எழுதியிருக்கிறேனே, அது உட்பட. கண்ணாடிக் கதவு உட்பட. ஸ்டேப்ளரில் நெஞ்சு நிறைய மூச்சு வந்தது உட்பட.

ஜூலை 11, வெள்ளி

மார்ச் 7-ஐ மட்டும் கிழித்தால் என்ன என்று பார்த்தேன். பார்த்தேன்தான், மறைக்கவில்லை. பிளேடுகூட எடுத்துவிட்டேன். மார்ச் 4-இன் கடைசி வரிகளும் மார்ச் 7-இன் தொடக்கமும் ஒரே தாளின் முன்னும் பின்னும். நாற்பது நொடி வேண்டுமென்றால் என் வண்டவாளமும் கூடவே போய்த்தான் ஆக வேண்டும்.

கொடுத்தால் ஜெயில்கூட ஆகலாம் என்கிறார் இவர். கொடுக்காவிட்டால் மூன்று வரியில் பழி நொடி அண்ணன் தலையில். அவளுக்கோ 'படிக்காதவள்' என்ற பட்டம்.

ஜூலை 13, ஞாயிறு

அதிகாரிக்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. போனேன். ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தது தம்பி. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். "அந்த அட்டைய எழுதினது நான். மூடி திறக்கும்னு தெரியும். எழுதி வச்சு, அப்புறம் நானே எடுத்தேன்."

எழுந்து வந்தாள். அடித்தாள். இடது கை, அடித்துப் பழகாத கை. முதல் அடி காதிலும் கழுத்திலுமாகப் போயிற்று. இரண்டாவது கன்னத்தில் சரியாக விழுந்தது. மூன்றாவதில் அவளே நிலை தடுமாறினாள், நான் பிடிக்கப் போனேன். "தொடாத" என்றாள்.

தம்பி கதவருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான் அடிச்சேனே, அந்த ஆளு?"

"அவர்தான் ஆபத்துன்னு முதல்ல சொன்னவர்."

"நான் அடிக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கதவுக்கு அந்தப் பக்கம். பாத்துக்கிட்டு."

அவன் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "என்னன்னு எழுதியிருந்தீங்க, எடுக்கறதுக்கு முன்னாடி?"

சொன்னேன். நாற்பது வரை எண்ணுங்கள் என்பதுவரை கேட்டாள். "எனக்கு எண்ணத் தெரியும்" என்றாள். அதன் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

பத்து மணிக்கு நோட்டைக் கொடுக்கிறேன். ஒரு தாளும் கிழிக்கவில்லை. காது இன்னும் வலிக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

புது நோட்டு. பழையது கோர்ட்டில் இருக்கிறது. யார் யாரோ படித்திருப்பார்கள்.

குற்றப் பட்டியலில் சர்க்கரை பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. நொடி அண்ணன் பெயர் இல்லை. அவளுடைய தம்பி அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தானாம். அவர் மனைவி கதவைத் திறக்கவில்லையாம்.

எல்லா இயந்திரத்துக்கும் ஏழாவது பெட்டி போட்ட அட்டை மாட்டச் சொல்லி உத்தரவு. கம்பெனி அச்சடித்துத் தபாலில் அனுப்பி வேலையை முடித்துவிட்டது. அந்த உறைகள் எந்த டிராயரில் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? உத்தரவின் நகலோடு நானே கூடம் கூடமாகப் போய் மாட்டிக்கொண்டு வருகிறேன். அடியில் 'எழுதியவர்' என்று சேர்த்து என் பெயரைப் பேனாவால் எழுதுகிறேன்.

இன்று பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். எப்படித் தெரிந்ததோ. "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். நினைக்கவில்லை என்றேன். பஸ் வந்தது, ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான்.

நாங்கள் போன கூடத்தில் இயந்திரம் ஓட்டுவது சின்னப் பெண், இருபது இருக்கும். அட்டையை மாட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்க்கா" என்றாள். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டினேன். மூடி திறந்தது.

"நின்னுடுச்சு" என்றாள் அந்தப் பெண்.

"எண்ணு" என்றேன்.

வேண்டாவெறுப்பாக எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கு மேல் வேகம் கூட்டினாள். முப்பத்தெட்டில் கை தானாக டிரம்மை நோக்கிப் போயிற்று. எனக்கு முன்னால், என்னோடு வந்தவள் எட்டி, தன் இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள்.